பயறு அக்காவுக்கு

வந்திருந்தவர்கள்: மச்சான், அவருடைய அம்மா, பிரித்துவிடப் பேசிய வாத்தியார், வாடகை வண்டிக்காரர், நான். அக்கா ஏற்கெனவே வயலுக்குள் இறங்கிவிட்டாள்.

மச்சானும் அக்காவும் இனி சேர்ந்து வாழப்போவதில்லை என்று போன வாரமே முடிவாகிவிட்டது. வயலில் நின்ற பயிரைப் பிரிப்பதுதான் பாக்கி.

சரளை மண். எதைத் தனியாக விதைத்தாலும் முழங்கால் உயரத்தோடு நின்றுவிடும். அதனால் அக்கா ஒரு வரிசை மக்காச்சோளம், ஒரு வரிசை தட்டைப்பயறு என்று கலந்து போட்டிருந்தாள். பயறின் வேர் மண்ணுக்குச் சத்துக் கொடுக்கும். சோளம் அதை வைத்துப் பிழைத்துக்கொள்ளும்.

நிலம் மச்சானுடையது, அதனால் சோளம் அந்த வீட்டுக்கு. பயறு அக்காவுக்கு. வாத்தியார் இதைச் சொன்னபோது தராசில் நிறுத்துச் சொன்னதுபோல முகத்தை வைத்துக்கொண்டார்.

சோளம் பால் பிடித்து நின்றது. அந்த வீட்டில் வருஷம் முழுக்க அடுப்பு எரிவது அதை நம்பித்தான்.

மச்சானின் அம்மா வரப்பில் உட்கார்ந்து அக்காவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பயறை வேரோடு பிடுங்கினால், பின்னிக் கிடக்கும் சோளத்தின் வேரும் அறுந்துவிடும். அப்புறம் கதிர் மணி பிடிக்காமல் பொக்காகிவிடும். வயிற்றெரிச்சலில் அவள் அதைத்தான் செய்வாள் என்று அந்தம்மா நேற்றே வாத்தியாரிடம் சொல்லியிருக்கிறார்.

நானும் அதைத்தான் எதிர்பார்த்தேன். இரவு வேலை முடித்துத் தூங்காமல் வந்திருந்தேன். அதையாவது பார்த்துவிட்டுப் போகலாம் என்றிருந்தது.

"வேரோட பிடுங்குக்கா. யாரு கேக்கப் போறா?"

அக்கா அரிவாளைத் தரையோடு ஒட்டி வைத்து அறுத்தாள். ஒவ்வொரு தூரிலும், வேர் அசையாதபடி, இடது கையால் மண்ணை அழுத்திக்கொண்டாள்.

இந்த வேகத்தில் அறுத்தால் என் வண்டி துருப்பிடித்துவிடும் என்றார் வண்டிக்காரர். மச்சான் மட்டும் சிரிக்க ஆரம்பித்து, அம்மாவைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

எல்லாவற்றையும் ஏற்றிய பிறகும் பாதி வண்டிகூட நிறையவில்லை.

மச்சானின் அம்மா எழுந்து வரிசை வரிசையாக நடந்து பார்த்தார். ஒரு சோளத்தட்டைகூடச் சாய்ந்திருக்கவில்லை. பயந்துவிட்டாள் என்று வாத்தியாரிடம் சொன்னார்.

ரோஷம் கெட்டவள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அக்கா கை கழுவிவிட்டு, வயலை ஒட்டிய வீட்டுக்குள் போனாள். துணிப்பையை எடுக்கப் போகிறாள் என்று நினைத்தேன். திரும்பி வந்தபோது இடுப்பில் பாப்பா இருந்தாள். பாதித் தூக்கத்தில் தலை தொங்கியது.

அக்கா சேரப்போகிற மில் விடுதியில் குழந்தைகளை விடமாட்டார்கள். என் அறையில் ஒரு பாயில் ஷிப்டுக்கு ஒரு ஆள் மாறிப் படுக்கிறோம். இதெல்லாம் பேசி முடித்ததுதான்.

வாசலில் நின்று பாப்பாவை மாமியாரின் தோளுக்கு மாற்றினாள். முந்தானையைப் பிடித்திருந்த விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள்.

"சோளத்த நல்லா உடைச்சு, குழைய வேகவைங்க அத்தை. குருணை தட்டுப்பட்டா துப்பிடுவா."

அந்தம்மா தலையாட்டிவிட்டுக் குழந்தையோடு உள்ளே போனார். மச்சான் பின்னாலேயே போய்க் கதவைச் சாத்தினார். தாழ்ப்பாள் ஒருமுறை சிக்கி, பிறகு விழுந்தது.