தீக்குப் பிறகு

சில விதைகள் தீ பட்டால்தான் முளைக்கும் என்று படித்தபிறகு, ஆர்கெஸ்ட்ராவில் கீபோர்டு வாசிக்கும் கௌதமன் காட்டுக்கு ஒரு இசை அமைத்தான். ஆனைகட்டி மலை எரிந்தபோது கேசட்டில் பதிந்துவந்த சத்தத்தை முதலில் வைத்தான். பிறகு கொஞ்சம் மௌனம். அப்புறம் முளைவிடுவதுபோல் புல்லாங்குழல்.

போட்டுக் கேட்டபோது அந்த மௌனத்தில் மகள் பூவிழி, "அப்பா" என்று கூப்பிட்டாள். போன வருஷம் ஸ்டவ் வெடித்துச் செத்துப்போனவள்.

அவன் மனைவி பொற்கொடி டேப்ரிக்கார்டரை விட்டு நகரவில்லை. சோறாக்குவதும் நின்றுபோனது.

"ஏனுங்க, அந்த நெருப்புச் சத்தத்த மட்டும் வெட்டிப்போடுங்க. பாப்பா பயந்துக்குவா."

வெட்டினான். குரலும் போய்விட்டது. தீயை மறுபடி ஒட்டினான்.

"அப்பா, சுடுதுங்கப்பா" என்றாள் பூவிழி.

பொற்கொடி ரீவைண்ட் பட்டனை அமுக்கினாள்.