நாலு சுவர்

"இந்தத் தடவையும் யாராவது குறுக்கே வந்தா, அதோட என் கதை முடிஞ்சுது லூபே."

மடிக்கணினியை மார்போடு அணைத்தபடி நின்றான் மலாக்கி. அவன் மனைவி லூபே எட்டு மாத வயிற்றோடு குனிந்து, போதகர் வீட்டுச் சரக்கறையைக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

"யாரும் வரமாட்டாங்க. நான்தான் வெளியில காவல் இருக்கேனே."

"நீ இருக்கிறதுதான் எனக்குப் பயமே."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான். அவள் இடுப்பில் ஒரு கையை ஊன்றி நிமிர்ந்து, மூச்சை மெல்ல விட்டுவிட்டு, மிச்சத்தையும் கூட்டினாள்.

சவாயித் தீவின் அந்த ஊரில் வீடென்றால் தூண்களும் கூரையும்தான். கணினி நெட்வொர்க் சான்றிதழ்த் தேர்வுக்கோ நாலு சுவர் வேண்டும்; அது இந்தச் சரக்கறைக்கு மட்டும்தான் இருந்தது. எங்கோ ஒரு நாட்டில் உட்கார்ந்துகொண்டு, கேமரா வழியாக ஒரு கண்காணிப்பாளர் பார்த்துக்கொண்டே இருப்பார். அறைக்குள் இன்னொரு ஆள் தெரியக் கூடாது. இன்னொரு குரல் கேட்கக் கூடாது. எழுதுகிறவன் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவும் கூடாது.

முதல் தடவை, ரக்பி பந்தைத் துரத்திக்கொண்டு பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் கேமராவுக்குள் ஓடி வந்தார்கள். தேர்வு ரத்து. அடுத்த தடவை பாதிக்கு மேல் நன்றாகவே போனது. "மலாக்கி, கொக்கோ ஆறுது, வா" என்று லூபே ஒரு குரல் கொடுத்தாள். அதுவும் ரத்து.

அன்று ஊரே வேடிக்கை பார்க்க, அவளைத் திட்டித் தீர்த்தான். "உன் வாயாலதான்டி என் பிழைப்பு போச்சு!"

கடலடி இணையக் கேபிள் கரையேறும் நிலையத்தில் ஒரே ஓர் இடம் காலியாக இருந்தது. சான்றிதழ் இல்லாவிட்டால் இந்த மாதத்தோடு அது வேறு யாருக்காவது போய்விடும். அப்புறம் அண்ணன்களைப் போல அவனும் நியூசிலாந்துக்குப் பழம் பறிக்கப் போக வேண்டியதுதான். பிறக்கப்போகும் பிள்ளை அப்பாவின் முகத்தை போனில் பார்த்துத்தான் வளரும். அதற்குப் பயந்தே ஊர்த் தலைவரின் காலில் விழாத குறையாகக் கெஞ்சினான்.

"அவன் எழுதி முடிக்கிற வரைக்கும் யாரும் இந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்கக் கூடாது. எல்லாரும் சர்ச் மண்டபத்துக்குப் போங்க," என்று உத்தரவு போட்டார் தலைவர். "மணிகூட அடிக்காது. போதுமாடா?"

பக்கத்து வீட்டு பீட்டா தன் பங்குக்குச் சொன்னான்: "என் சேவலை நேத்தே தேங்காய்ப்பால்ல வேகவச்சுட்டேன். நீ ஃபெயிலானா அதோட பாவம் உன்னைச் சும்மா விடாது!"

எல்லோரும் சிரித்தார்கள். மலாக்கிக்குச் சிரிப்பு வரவில்லை. கதவைச் சாத்திக்கொண்டான்.

முதல் கேள்வியிலேயே தடுமாறினான். இரண்டு அலுவலகங்கள், நடுவில் மூன்று ரூட்டர்கள். இங்கிருந்து அனுப்பியது அங்கே போய்ச் சேரவில்லை, கோளாறு எங்கே? மாதக்கணக்காக மனப்பாடம் செய்த எண்களெல்லாம் ஒன்றோடொன்று குழம்பின. தகரக் கூரை கொதித்தது. வியர்வை கண்ணில் இறங்கி எரிந்தது. துடைக்கப் பயமாக இருந்தது. பாதியைத் தாண்டும்போதே போய்விட்டது என்று தெரிந்துவிட்டது. எழுந்து போய்விடலாமா என்றுகூட நினைத்தான். தன்னால் முடியாத ஒன்றுக்கு ஆசைப்பட்டு, ஊரையும் அலைக்கழித்து, கட்டியவளையும் அவமானப்படுத்தி... இனி எந்த முகத்தோடு வெளியே போவது?

வெளியே ஒரு சத்தமும் இல்லை. ஊர் இப்படி வாயடைத்துக் கிடந்து அவன் பார்த்ததே கிடையாது. அவனுக்காக அத்தனை பேரும் அடங்கிக் கிடக்கிறார்களே என்பதற்காகவே பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தான். மிச்சக் கேள்விகளை ஒவ்வொன்றாகத் தள்ளினான். கடைசிப் பொத்தானை அழுத்திவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான்.

திறந்தபோது திரையில் 'தேர்ச்சி' என்று இருந்தது.

திரும்பத் திரும்பப் படித்தான். கதவை உதைத்துத் திறந்துகொண்டு ஓடினான்.

பலாமரம் போல் படர்ந்து நின்ற ஈரப்பலா மரத்தடியில் பெண்கள் கூட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். முடிவு தெரிந்துகொள்ள அதற்குள் வந்துவிட்டார்களா?

"பாஸ்! நான் பாஸாயிட்டேன்!" என்று கத்தினான்.

யாரும் எழுந்திருக்கவில்லை. போதகரின் மனைவி எசேத்தா மட்டும் திரும்பினாள். அவள் முகமெல்லாம் கண்ணீர்.

"காலையிலேயே வலி எடுத்திருக்குடா. உன்கிட்டகூடச் சொல்லல பாரு. நர்ஸு எங்களோட மண்டபத்துலதான் இருந்தா. ஒரு குரல் கொடுத்திருந்தா ஓடி வந்திருப்பாளே! பாவிப் பொண்ணு, துணியை வாயில திணிச்சுக்கிட்டுத் தனியாக் கிடந்திருக்கு. நாங்க வந்து பார்க்கிறப்போ எல்லாம் முடிஞ்சு போச்சு."

பெண்கள் விலகினார்கள். பாயில் கிடந்த லூபே தலையை லேசாகத் தூக்கினாள். உதடு கிழிந்து ரத்தம் உறைந்திருந்தது. உள்ளே தேர்வு இன்னும் நடந்துகொண்டிருப்பதுபோலக் கிசுகிசுத்தாள்.

"பாஸா?"

அவள் பக்கத்தில், துணியில் சுற்றிக் கிடந்த குழந்தையும் சத்தம் போடவில்லை.