விலை இறங்கட்டும்

"விலை இறங்கிச்சாடா?"

காலையில் எழுந்ததும் பெரியவர் கேட்கும் முதல் கேள்வி இதுதான்.

மகன் கைப்பேசியைத் தடவிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்குவான்.

"எங்கப்பா! நேத்தைக்கு இன்னிக்கு ஏறித்தான் இருக்கு. ஆம்னி பஸ் டிக்கெட்டெல்லாம் இப்போ தக்காளி விலை மாதிரி. பார்த்துப் பார்த்துத்தான் வாங்கணும். புதன்கிழமை கொஞ்சம் இறங்கும்."

"பார்த்துச் செய்டா. எனக்கென்ன அவசரம்?"

அடுப்படியில் நின்று இதைக் கேட்கும் மருமகளுக்குப் பற்றிக்கொண்டு வரும். கஞ்சன் என்று வீடு கேட்கத் திட்டித் தீர்ப்பாள்.

பெரிய மகன் இருப்பது ஒரு ராத்திரிப் பயண தூரத்தில். புது வீடு கட்டிக் குடிபோயிருக்கிறான். கண்ணை மூடுவதற்குள் அங்கே போய் நாலு நாள் இருந்துவிட்டு வரவேண்டும் என்று பெரியவர் வாய்விட்டுக் கேட்டது கோடையில். இப்போது மழையே தொடங்கிவிட்டது. புதன்கிழமைகள் வந்து போய்க்கொண்டிருந்தனவே தவிர, டிக்கெட் வந்தபாடில்லை.

மருந்துக்கடையில் மருமகளோடு வேலை செய்கிறவள் இந்தக் கதையைக் கேட்டுக் கேட்டு, இவள் புருஷனுக்கு 'நாளை மறுநாள்' என்று பேரே வைத்துவிட்டாள்.

"உங்க 'நாளை மறுநாள்' இன்னிக்கு என்ன சொன்னார்?"

"ஏறியிருக்காம். வேறென்ன சொல்வார்?"

"நீயே பார்த்தா என்னவாம்? உன்கிட்ட போன் இல்லையா?"

அதுவும் சரிதான் என்று சாப்பாட்டு நேரத்தில் பார்த்தாள். டிக்கெட் அடிமாட்டு விலைக்குக் கிடந்தது! விடுமுறை முடிந்து கூட்டம் குறைந்ததில், பாதிக்கும் கீழே இறங்கிக் கிடந்தது. இதையா மனுஷன் ஏறியிருக்கு என்றார்? இன்னும் எவ்வளவுதான் இறங்கணுமாம் இவருக்கு?

அந்தக் கோபத்திலேயே இரண்டு டிக்கெட் எடுத்துவிட்டாள். சலுகை விலை டிக்கெட், ரத்து செய்தால் ஒரு காசு திரும்பாது.

வீட்டுக்கு வந்ததும் நேரே மாமனார் அறைக்குப் போனாள்.

"மாமா! உங்களுக்கும் அவருக்கும் டிக்கெட் எடுத்தாச்சு. வர்ற ஞாயித்துக்கிழமை கிளம்பறீங்க!"

அவர் துள்ளிக் குதிப்பார் என்று நினைத்தவளுக்கு ஏமாற்றம்தான். பெரியவர் முகம் சுருங்கிவிட்டது.

"எடுத்துட்டியா? இன்னும் இறங்கும்னு சொன்னானேம்மா. அவசரப்பட்டுட்டியே."

அப்பனும் பிள்ளையும் ஒரே வார்ப்பு என்று தலையில் அடித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

புருஷன் வந்து செருப்பைக் கழற்றக்கூட விடவில்லை. பிடித்துக்கொண்டாள்.

"பெத்த அப்பாவைக் கூட்டிட்டுப் போறதுலயா கஞ்சத்தனம்? பாதி விலைக்குக் கிடக்கு, ஏறியிருக்குன்னு வாய் கூசாமச் சொல்றீங்க! நானே எடுத்துட்டேன். பேசாம ஞாயித்துக்கிழமை கிளம்புங்க!"

அவன் திட்டவில்லை. அவளை உள்ளே அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினான்.

"அண்ணன் வர வேண்டாம்னுட்டான்டி."

"என்னது?"

"போன தடவை போயிருந்தப்போ, விருந்தாளிங்க எதிர்லயே அப்பா சோபாவை நனைச்சிட்டாராம். இப்போ வீடும் புதுசு, சாமானும் புதுசு. கூட்டிட்டு வந்து என் மானத்தை வாங்காதேன்னான்."



"இதை ஏன் என்கிட்ட சொல்லல?"

"உனக்கு எதையும் மறைக்கத் தெரியாது. முகமே காட்டிக் கொடுத்துடும். நீ என்னைக் கஞ்சன்னு திட்டறது அப்பா காதுல விழுந்தாத்தான் அவரும் நம்புவார். அவருக்கு அண்ணன்னா உயிர். சின்னவன் காசு பார்த்துக் கூட்டிட்டுப் போகலன்னே நெனச்சுக்கட்டும். பெரியவன் வராதேன்னான்னு தெரிய வேண்டாம்."

சொல்லும்போதே அழுதுவிட்டான். இத்தனை நாள் இந்த மனிதனைத் திட்டிய திட்டெல்லாம் நெஞ்சில் முள்ளாகக் குத்த, அவளும் அழுதாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, எடுத்த டிக்கெட்டுக்கு ஒரு சாக்குச் சொல்ல மாமனாரிடம் போனாள். பொய் சொல்லிப் பழகாத வாய், தட்டுத் தடுமாறியது.

"மாமா... ஞாயித்துக்கிழமை அந்த பஸ் ஓடாதாம். பாலத்துல ஏதோ வேலையாம்."

பெரியவர் நிம்மதியாக மூச்சுவிட்டார்.

"நல்லதாப் போச்சு."

"என்ன மாமா இப்படிச் சொல்றீங்க?"

அவர் வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டார். கிட்டே வரச் சொல்லிக் கை காட்டினார்.

"சின்னவன் உன்கிட்ட சொல்லிட்டானா?"

அவள் தலை குனிந்தாள்.

"கோடையிலேயே பெரியவன் எனக்கும் போன் பண்ணிச் சொல்லிட்டாம்மா, வராதீங்கப்பான்னு. அவனைச் சொல்லி என்ன? என் உடம்பே என் பேச்சைக் கேக்கறதில்ல."

"எல்லாம் தெரிஞ்சுமா மாமா, தினமும் காலையில அவர்கிட்ட விலை கேக்கறீங்க?"

பெரியவர் குரலை இன்னும் தாழ்த்தினார்.

"கேக்கறதை நிறுத்தினா, எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு கண்டுபிடிச்சிடுவானேம்மா. எனக்காகக் கஞ்சன்னு பேர் வாங்கிட்டிருக்கிற பிள்ளை, அதெல்லாம் வீணாப் போச்சுன்னு தெரிஞ்சா தாங்குவானா?"