கதவை விட்டுப் போனவள்

“அந்தப் பொண்ணை வேலையை விட்டே தூக்கணும் மேடம். அதுவரைக்கும் நான் ஓயமாட்டேன்.”

சூப்பரிண்டெண்ட் மூன்று பக்கப் புகாரை விசாரணை அதிகாரியின் முன்னால் வைத்தார். அவர் ஓய்வு பெற்று ஆறு வருஷமாகிறது. புகாருக்கு நம்பர் போடுகிற அவர் கை மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை.

பத்து நாளுக்கு முன்னால் அவர் ஏறின விமானத்தில், கிளம்பின கொஞ்ச நேரத்திலேயே இரண்டு எஞ்சினும் நின்றுபோய்விட்டன. விமானி அதைக் கடலிலேயே இறக்கிவிட்டார். கடவுள் கண் திறந்தார். நூற்றுச் சொச்சம் பேரும் ரப்பர் படகில் ஏறிக் கரைக்கு வந்து சேர்ந்தார்கள். ஒரு உயிர்கூடப் போகவில்லை.

போனது சூப்பரிண்டெண்டின் மரியாதை மட்டும்தான். அதற்குத்தான் இந்த மூன்று பக்கம்.

விமானக் கம்பெனியிலிருந்து வந்திருந்த அந்த அதிகாரி அம்மாள் பேனாவைத் திறந்தார்.

“விமானப் பணிப்பெண் மேல மூணு புகார். ஒவ்வொண்ணாச் சொல்லுங்க சார்.”

சூப்பரிண்டெண்ட் சாய்வு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவரோடு காலையில் நடக்கப் போகிற நண்பரும் சோபாவில் வசதியாக நகர்ந்து கொண்டார். இந்தக் கதையை அவர் கேட்பது இது ஐந்தாவது தடவை.

“ஒண்ணு, மரியாதைக் குறைவு. ‘எழுந்திரு, வா, குதி’ன்னு கத்தறா. ஒரு ‘ங்க’ கிடையாது! என் ஆபீஸ்ல நாப்பது பேர், ஒருத்தன் என் முன்னால குரல் உசத்தியிருப்பானா?”

“அக்கிரமம்” என்றார் நண்பர்.

“விமானத்துக்குள்ள தண்ணி வந்துட்டிருந்ததே சார். அவசரம் இல்லையா?”

“தண்ணி வந்தா? அதுக்காக மரியாதையும் சேர்ந்து முழுகணுமா?”

நண்பர் கைதட்டாத குறை.

“சரி, ரெண்டாவது?”

“முதுகில ரெண்டு கையையும் வச்சுத் தள்ளினா மேடம். ஒல்லிக்குச்சி மாதிரி இருக்கா, என்ன பலம்ங்கறீங்க! ராத்திரி புரண்டு படுத்தா இன்னும் வலிக்குது.”

“எதுக்குத் தள்ளினாங்க?”

“வாசல்ல... கொஞ்சம் மாட்டிக்கிட்டேன்.”

“எப்படி?”

சூப்பரிண்டெண்ட் தொண்டையைக் கனைத்துக் கொண்டார். “அந்த மிதவைச் சட்டை இருக்கே, அதை சீட்டில உட்கார்ந்தபடியே ஊத வச்சுட்டேன். ஒரு முன்ஜாக்கிரதைதான்.”

“வெளியே போனப்புறம்தான் கயித்தை இழுக்கணும்னு கிளம்பறப்பவே செஞ்சு காட்டுவாங்களே?”

“அதையெல்லாம் யார் மேடம் பார்க்கிறாங்க?”

காபி கொண்டு வந்த அவர் மனைவி மெல்லச் சொன்னாள். “பின்னால வந்தவங்க அத்தனை பேரும் அப்படியே நின்னுட்டாங்க.”

“நீ சும்மா இரு. ஆபீஸ் விஷயம் பேசறப்போ நடுவில வராதே.”

அவள் சும்மா இருந்தாள். முப்பத்தைந்து வருஷப் பழக்கம்.

“மூணாவதுதான் முக்கியம். எழுதிக்கோங்க.” சூப்பரிண்டெண்ட் விரலை ஆட்டினார். “கதவுகிட்ட நிக்க வேண்டியவ, என்னைத் தள்ளிவிட்ட கையோட உள்ளே ஓடிட்டா! கதவில ஆளே இல்லை. நான் படகில உட்கார்ந்து இந்தக் கண்ணால பார்த்தேன்.”

அதிகாரி பேனாவை நிறுத்தினார்.

“சார், யோசிச்சுச் சொல்லுங்க. மத்த ரெண்டும் ஒரு எச்சரிக்கையோட முடிஞ்சிடும். ஆனா கதவை விட்டுப் போனது பெரிய தப்பு. நீங்க கையெழுத்துப் போட்டா அந்தப் பொண்ணு வேலை நிச்சயமாப் போயிடும். அவ சம்பளத்திலதான் வீட்டில அஞ்சு பேர் சாப்பிடறாங்க.”

“கடமைன்னா கடமை மேடம். என் சர்வீஸ்ல நான் யாருக்கும் பாவம் பார்த்ததில்லை.”

“எதுக்காக உள்ளே ஓடினாங்கன்னு நினைக்கறீங்க?”

“எதுக்கு ஓடுவா? பவுடர் டப்பாவை மறந்து வச்சிருப்பா!”

நண்பர் சிரித்த சிரிப்பில் காபி புரையேறிவிட்டது.

அதிகாரி சிரிக்கவில்லை. “பதினாலாவது வரிசையிலிருந்து யாரோ கூப்பிட்டாங்க, அதான் போனேன்னு அந்தப் பொண்ணு சொல்லுது.”

சூப்பரிண்டெண்ட் ஆகாயத்துக்கும் பூமிக்கும் குதித்தார்.

“பச்சைப் புளுகு! பதினாலு என்னோட வரிசை மேடம்! அங்கே ஏது ஆள்? நான்தான் முதல்லயே எழுந்து வந்துட்டேனே!”

சொல்லிவிட்டு, கையெழுத்துப் போடப் பேனாவுக்காகக் கையை நீட்டினார்.

அதிகாரி பேனாவைத் தரவில்லை. பயணிகள் பட்டியலை எடுத்து விரலால் தடவிப் பார்த்தார்.

“உங்களோடது ஜன்னல் சீட்டு இல்லையே சார். ஜன்னல் சீட்டில இருந்தது யாரு?”

சூப்பரிண்டெண்ட் நீட்டிய கை நீட்டியபடியே நின்றது.

மனைவி தட்டைக் கீழே வைத்தாள். ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, அதிகாரிக்கு எதிரே முதல் முறையாக உட்கார்ந்தாள்.

“நான்தாம்மா. எழுதிக்கோ. சீட்டு பெல்ட்டைக் கார் பெல்ட் மாதிரி அமுக்கி அமுக்கிப் பார்த்தேன், கழலவே இல்லை. ‘என்னங்க, என்னங்க’ன்னு தொண்டை கிழியக் கூப்பிட்டேன். திரும்பி வந்தது அந்தப் பொண்ணு மட்டும்தான்.”