கொட்டுப்பட்ட சம்பல்

படையலுக்குச் செய்த கீரைச் சம்பல் நிலத்தில் கொட்டுப்பட்டுப் போயிற்று.

கொட்டியவள் ரஞ்சினி. கிழவர் அரியரத்தினத்தாரின் பிளாக்டவுன் வீட்டுப் பின் அறையில் வாடகைக்கு இருப்பவள். அகதியாகப் படகில் வந்தவள், தற்காலிக விசா. கீரை கழுவிப் பையில் அடைக்கிற ஷெட் ஒன்றில் வேலை.

அன்று சனிக்கிழமை, கிழவருடைய மனைவி செத்து ஒரு வருசம், ஆட்டைத் திவசம். அந்த மனுசிக்கு வல்லாரைச் சம்பல் என்றால் உயிர். வல்லாரை எங்கும் கிடைக்கவில்லை. கிழவர் சுப்பர்மார்க்கெட்டில் நாலு பை ஸ்பினாச் கீரை வாங்கிவந்தார். கழுவியது என்று பையிலேயே போட்டிருந்தது. பச்சையாக அரிந்து, தேங்காய்ப்பூ போட்டு, தேசிக்காய் பிழிந்து பிசைந்து வைத்தார்.

படைக்குமுன் ஒருவரும் வாய் வைக்கக் கூடாது. மகள் கிரிஜா ஏழு மாதப் பிள்ளைத்தாச்சி. சட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

மத்தியானம் ரஞ்சினி வேலையால் வந்து குசினிக்குள் போனாள். வெறும் பைகளை எடுத்துப் பார்த்து, இது எப்ப வாங்கினது என்று கேட்டாள். நேற்று என்றார் கிழவர். அடுத்த நிமிசம் சட்டி உடைந்த சத்தம்.

கிழவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. கோப்பை கழுவினாலும் சத்தம் வராமல் கழுவுகிறவள். கொட்டினதை வழித்து மூன்று பைக்குள் போட்டு முடிந்தாள். மேசையைச் சவர்க்காரம் போட்டு இரண்டு தரம் தேய்த்தாள். முகத்தில் கவலையே இல்லை.

வந்த சனம் அபசகுனம் என்றது. கிரிஜா அழுதாள்.

"வேணுமெண்டு செய்தனியோ?"

"கை தவறிப்போச்சு, அங்கிள்."

"வாற கிழமைக்குள்ள வேற இடம் பார்."

"ஓம், அங்கிள்."

அவ்வளவுதான். கெஞ்சவும் இல்லை, முறைக்கவும் இல்லை. அதுதான் அவருக்கு இன்னும் குழப்பம்.

திங்கட்கிழமை ஹோம்புஷிலிருக்கிற தன் வீட்டிலிருந்து கிரிஜா போன் பண்ணினாள். கடை வாசலில் அறிவித்தல் ஒட்டியிருக்கிறதாம். திவசத்துக்கு வாங்கின அதே கொம்பனி ஸ்பினாச் முழுவதையும் திருப்பி எடுக்கிறார்களாம். லிஸ்டீரியா என்று ஒரு கிருமி. கழுவினாலும் போகாதாம்.

"பிள்ளைத்தாச்சி திண்டால் வயித்துப் பிள்ளைக்கே ஆபத்தாம், அப்பா."

கிழவர் போனும் கையுமாகப் பின் அறைக்குப் போனார். ரஞ்சினி உடுப்பு அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"உனக்கு முதலே தெரியுமோ?"

தலையாட்டினாள். "அண்டைக்குக் காலமை எங்கட ஷெட்டில கிருமி பிடிபட்டு மெசினை நிப்பாட்டினவை. வெளியில மூச்சு விட்டால் வேலை இல்லை எண்டவை."

"எனக்கும் சொல்லேலாதோ?"

"வீடு நிறையச் சனம், அங்கிள். ஆர் சொன்னதெண்டு கேப்பினம்."

"அப்ப கடையில வாங்கின மற்றச் சனம்?"

அவள் ஒரு சட்டையை மடித்துப் பெட்டிக்குள் வைத்தாள்.

"இரவிரவா நித்திரை வரேல்லை. நேற்றுச் சுகாதாரப் பகுதிக்குப் போன் பண்ணினனான். பேர் கேட்டவை, சொல்லிப்போட்டன். என்ர இங்கிலிசு விளங்கினதோ தெரியேல்லை."

திங்கட்கிழமை, ஷெட்டுக்குப் போகாமல் ஏன் வீட்டில் நிற்கிறாள் என்று கிழவர் கேட்கவில்லை.

போனில் கிரிஜா இன்னும் கதைத்துக்கொண்டிருந்தாள். "அம்மாதான் வந்து தட்டிவிட்டிருக்கிறா, அப்பா. என்ர பிள்ளையைக் காப்பாத்தினது அவதான்."

கிழவர் பெட்டியிலிருந்த உடுப்பை ஒரு கையால் அள்ளித் திரும்ப அலுமாரிக்குள் எறிந்தார்.

"கொம்மா இல்லை. ரஞ்சினி."