பரிமளாவின் நாற்பதாயிரம் ரூபாய் விளக்கு

"நாப்பதாயிரம் ரூவா லைட்டு! கடைசியில கிழிச்சுப் போட்டுருச்சு பாத்தியா?"

புவனேஸ்வரி கண்ணாடித் தொட்டிக்கு முன்னால் நின்று சத்தம் போட்டாள். தம்பி பெண்டாட்டி பரிமளா கடைக்குப் போயிருந்தாள். கேட்க ஆளில்லை என்பதற்காகவெல்லாம் பேச்சை நிறுத்துகிறவள் இல்லை புவனேஸ்வரி.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுச் செவந்தி எட்டிப் பார்த்தாள். "என்னக்கா?"

"வா, நீயே வந்து பாரு."

தொட்டி நிறைய, கட்டுமாவடியிலிருந்து மீன் வண்டியில் கேன் கேனாக வந்து இறங்கிய கடல் தண்ணீர். அதில் பாறை, ரெண்டு ஆரஞ்சு மீன், அப்புறம் பரிமளா 'கடல் சாமந்தி' என்று கொஞ்சுகிற, விரல் விரலாக ஆடும் உயிர்கள் நாலைந்து. அவற்றில் பெரியது இன்றைக்கு நடுவில் கிழிந்து, வாய் பிளந்து கிடந்தது.

"ஐயோ, செத்துருச்சா?"

"சாகாம? திருச்சிக் கடையில எட்டாயிரத்துக்கும் லைட்டு இருந்துச்சாம். மகராசி பெருசுதான் வேணும்னு வாங்கி மாட்டுனா. இப்ப கருகிப் போச்சு."

"நல்லா வேணும்க்கா" என்று சொல்லிவிட்டுச் செவந்தி அடுத்த வீட்டுக்குச் செய்தி சொல்லப் போனாள்.

விளக்கு வந்தது போன வருஷம் ஆடியில். அன்றிலிருந்து புதுக்கோட்டையில் அந்தத் தெரு முழுக்கப் பரிமளாவுக்கு ஊதாரிப் பட்டம். கொடுத்தது யாரென்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

புவனேஸ்வரியின் கோபத்தில் நியாயம் இல்லாமலும் இல்லை. தம்பி அரவிந்த்குமார் கத்தாரில் மூன்று வருஷமாக வெயிலில் காய்கிறான். ஊரில் கோழிப்பண்ணை வைத்து நொடித்தான். ஆட்டுப்பண்ணை வைத்தான், அதுவும் போச்சு. "அடுத்து என்ன பண்ணைப்பா?" என்று டீக்கடையில் கேட்டுச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு தாங்காமல் விமானம் ஏறினவன். போனில் பேசும்போதெல்லாம், "ஊருக்கே வந்துறணும்க்கா" என்பான். கையில் நாலு காசு சேர்ந்தால்தானே வருவான்? பெண்டாட்டி மீனுக்கு வெளிச்சம் போட்டுக்கொண்டிருந்தால் எங்கிருந்து சேரும்?

இன்றைக்கு ஆதாரமே சிக்கிவிட்டது. கிழிந்து கிடந்ததை வீடியோ எடுத்தாள். 'உன் பொண்டாட்டி லட்சணத்தைப் பாரு' என்று எழுதித் தம்பிக்கு அனுப்பினாள்.

இரண்டே நிமிஷம். கத்தாரிலிருந்து வீடியோ கால் வந்தது. சரியாக அதே நேரம் பரிமளாவும் காய்கறிப் பையோடு உள்ளே நுழைந்தாள்.

"வாம்மா, வா. உன் புருஷன்தான் கூப்பிடுறான். நீயே பதில் சொல்லு."

போனைத் திருப்பிக் காட்டினாள். திரையில் அரவிந்த்குமார் அழுதுகொண்டிருந்தான்.

புவனேஸ்வரி பதறிவிட்டாள். "டேய், விடுடா. போனது போகட்டும். இதுக்குப் போயி..."

"அக்கா, அது சாகலக்கா! ரெண்டாப் பிரியுது!"

"என்னது?"

"ஒண்ணு ரெண்டாகுதுக்கா. அது அப்படித்தான் பெருகும். வெளிச்சம் ஒத்துக்கிட்டாத்தான் பிரியும். பரிமளா, இதோட பத்து பிரிஞ்சாச்சு புள்ள! பத்து!"

பரிமளா பையை அப்படியே போட்டுவிட்டுத் தொட்டிக்கு ஓடினாள். கண்ணாடியில் நெற்றியை வைத்துப் பார்த்தாள். கத்தரிக்காய்கள் ஹால் முழுக்க உருண்டன. அவளுக்கும் கண்ணில் தண்ணீர், வாயெல்லாம் சிரிப்பு.

அப்புறம்தான் புவனேஸ்வரிக்கு விஷயம் விளங்கியது. இதுவரை பிரிந்ததில் பாதிக்கு மேல் சத்தமில்லாமல் திருச்சிக்கும் மெட்ராஸுக்கும் விலைக்குப் போயிருக்கிறது. விளக்குக்குப் போட்ட காசு எப்போதோ திரும்பிவிட்டது. இனி மாசாமாசம் எடுத்துக்கொள்கிறேன் என்று மெட்ராஸ் கடைக்காரர் எழுதியே கொடுத்துவிட்டார். பத்து பிரிந்ததும் அவன் வேலையை விட்டுவிட்டு வந்து, இன்னும் நாலு தொட்டி வைப்பது என்று புருஷனும் பெண்டாட்டியும் பேசி வைத்திருந்தார்கள்.

"இன்னைக்கே பேப்பர் போட்டுர்றேன்க்கா! நார்த்தாமலைத் தேருக்கு நான் ஊர்ல இருப்பேன். இனிமே இங்கிட்டுத் திரும்பி வர்ற ஜோலியே கிடையாது!"

புவனேஸ்வரிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தம்பி வருகிறான்! அந்தப் பூரிப்பில், ஒன்றரை வருஷமாக வாயில் வராத வார்த்தைகூட வந்துவிட்டது.

"சும்மா சொல்லக்கூடாதுடா. உன் பொண்டாட்டி கெட்டிக்காரிதான். பெரிய லைட்டுதான் வேணும்னு ஒத்தக் கால்ல நின்னு வாங்குனா பாரு!"

"அவளா?" அரவிந்த்குமார் சிரித்தான். "எட்டாயிரம் ரூவா லைட்டே போதும்னு சொன்னவக்கா அவ. நான்தான் சண்டை போட்டு இதை வாங்க வெச்சேன். ஏன், அவ உங்கிட்ட சொல்லலையா?"

புவனேஸ்வரி மெல்லத் திரும்பினாள்.

"ஏன்டி, தெருவே உன்னைய ஊதாரிங்குது. நானே எத்தனை பேச்சுப் பேசியிருக்கேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

பரிமளா எட்டிப் போனை வாங்கினாள். புருஷனுக்குக் கேட்டுவிடாதபடி அதை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்:

"இதுவும் நொடிச்சிருந்தா, மூணாவது தடவையா அவரைத்தானே சிரிச்சிருப்பாங்க அண்ணி? பொண்டாட்டி ஊதாரின்னா, அவரைப் பாத்துப் பாவம்னுதானே சொல்லுவாங்க!"