குடோன் பதில் சொல்லும்வரை

ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்யும் கம்பெனி அது. சாயங்காலம் அணைத்துவிட்டுப் போகும் லினக்ஸ் சர்வரைக் காலையில் போட்டார்கள். பாதியிலேயே நின்றுவிட்டது.

சத்யப்பிரியா ஸ்டார்ட்அப் ஸ்கிரிப்டைத் திறந்து பார்த்தாள். அவள் எழுதியதுதான். ஸ்ரீவில்லிபுத்தூர் குடோன் கம்ப்யூட்டர் பதில் சொல்லும்வரை காத்திரு, அதன் பிறகே மற்றதைத் தொடங்கு என்று ஒரு வரி அதில் இருந்தது. சர்வர் அந்த வரியில்தான் நின்றிருந்தது.

தினமும் குடோனைத் திறந்து அந்தக் கம்ப்யூட்டரைப் போட்டுவிடுவது அவள் புருஷன் லிங்கேஸ்வரன். தை மாதம் அவன் இறந்துபோனான். மாசியில் குடோனைக் காலி செய்தார்கள். கம்ப்யூட்டரைப் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டபோது அவளும் கூட நின்றாள். வரியை எடுக்கத்தான் மறந்துவிட்டாள்.

அப்படியென்றால் சர்வர் மாசியிலேயே நின்றிருக்க வேண்டும். நேற்றுவரை ஒரு நாள்கூட நிற்கவில்லை.

மேனேஜர் பால்சாமி பின்னால் வந்து நின்றார். "பில்லு போட முடியாம வாசல்ல லாரி நிக்கிதும்மா. அந்த ஒரு வரிய எடுத்துட்டா ஓடிருமா?"

"ஓடிரும்ண்ணே."

அழிக்கும் பட்டன்மேல் விரலை வைத்தாள். எதிர்ச்சுவர் காலண்டரில் ஆடிப்பூரம் என்று போட்டிருந்தது. விரலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"செத்த பொறுங்கண்ணே. இன்னைக்கு ஆண்டாள் தேரு. வருசா வருசம் வடம் பிடிச்சு, தேரு நிலைக்கு வந்த பொறவுதான் அவிய குடோனத் தெறப்பாவ."